அம்மா கேட்கும் வீடு எது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறீர்கள். அம்மாவுக்கு 76 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒன்றரை வருடத்துக்கு முன் அல்சைமர் நோய் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். பின்னேரம் ஐந்து மணியானால் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு “நான் வீட்ட போகோணும்” என்று படலையடியில் வந்து நிற்கிறார். நிற்பது அவருடைய சொந்த வீட்டு வாசலில். “இதுதானே அம்மா உங்கட வீடு” என்றால் கோபப்படுகிறார், பிறகு அழுகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, கொழும்பில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடச் சொல்கிறார். புதிதாக வந்த ஊசி ஒன்றைப் பற்றிய செய்தியும் அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் பொய் சொல்லலாமா, வீட்டில் வைத்தே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இடையில், “நாலு மாதமாக ஒரு இரவும் முழுதாக நித்திரை இல்லை” என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. நீங்கள் கேட்காமல் கேட்டது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்: இன்னும் எவ்வளவு காலம் என்னால் தாங்க முடியும்?

நான் 26 வருடம் தாதிய உத்தியோகத்தராக இருந்தேன். கடைசி 11 வருடம் உளநலப் பிரிவில், பாதி நாள் வீடுகளுக்குப் போய்வரும் வேலை. அதன் பிறகு என் மாமிக்கும் இதே நோய் வந்து, ஏழு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். வைத்தியர் இல்லை. உங்கள் அம்மாவைப் பார்க்காமல் மருந்தின் அளவைக் கூட்டு, குறை என்று என்னால் சொல்ல முடியாது. சொல்பவர்களை நீங்களும் நம்பாதீர்கள்.

வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். இந்த நோய் மூளையில் முதலில் கைவைப்பது, புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் பகுதியில். அதனால் இன்று காலை சாப்பிட்டது போய்விடும். முப்பது வயதில் குடியிருந்த வீட்டின் கிணற்றடி அப்படியே இருக்கும். நோய் கூடக் கூட, பின்னால் வந்த வருடங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. உங்கள் அம்மாவுக்கு இப்போது தன் வயது 76 என்று தெரியுமோ என்னவோ. அவருடைய கணக்கில் பிள்ளைகள் சின்னவர்கள், பள்ளிக்கூடம் விட்டாயிற்று, உலை வைக்கவேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கும் ஆசிரியை வேறு என்ன செய்வார்? நாற்பது வருடம் அவர் செய்ததே அதுதான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, வெளிநாட்டுப் புத்தகங்களில் அதைக் காணமாட்டீர்கள். நகரத்துக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நான் போய்ப் பார்த்த ஒரு அம்மா தினமும் பொழுதுபடும் நேரத்தில் ஒரு பழைய பையில் காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். “அறளை பெயர்ந்திட்டுது” என்று வீட்டார் அதைப் பிடுங்கி அலுமாரியில் பூட்டினார்கள். அன்று இரவு முழுக்க அவர் கத்தினார். 1985இலும் 1990இலும் அந்தப் பையோடுதான் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடித் தப்பினார் என்பது மூத்த மகனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. உண்மை உறுதியைப் பத்திரப்படுத்திவிட்டு, அதே பையில் போட்டோப் பிரதிகளைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். கத்துவது நின்றது. யுத்தமும் சுனாமியும் இந்த நோயைக் கொண்டுவந்தன என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் நோய் வந்த பிறகு அந்தக் காலங்கள் மேலே எழும்பி வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்த ஒரு தாத்தாவையும் எனக்குத் தெரியும்.

ஆகவே “இதுதான் உங்கட வீடு” என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அந்த வழக்கில் நீங்கள் வெல்லவே முடியாது. அவர் படலையடிக்கு வந்ததும் முதலில் மூன்றை யோசியுங்கள்: பசியா, சிறுநீர் கழிக்க வேண்டுமா, எங்காவது நோகிறதா. இந்த மூன்றையும் வாயால் சொல்லத் தெரியாமல் “வீட்ட போகோணும்” என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது இல்லையென்றால் கேளுங்கள்: “எந்த வீடம்மா? அங்க ஆர் இருக்கினம்?” பதிலில் வழி இருக்கும். “பிள்ளைகள் பசியோட இருக்குங்கள்” என்றால், “சமைச்சுக் குடுப்பம் வாங்கோ” என்று குசினிக்குக் கூட்டிப் போய் ஒரு பிடி முருங்கை இலையை உருவக் கொடுங்கள். “அப்பா தேடுவார்” என்றால், அப்பாவைப் பற்றிக் கதைக்க விடுங்கள். ஒன்றும் சரிவராத நாளில் நீங்களும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வெளிக்கிடுங்கள். ஒழுங்கை முனைவரை போய், ஒரு சுற்றுச் சுற்றி, அதே படலைக்கு வந்து “வந்திட்டம்” என்று சொன்னால் பல நாள் அது போதும். சில நாள் போதாது. அந்த நாள் உங்கள் பிழை இல்லை.

இனிப் பொய். மாமாவின் திவசம் முடிந்து ஆறு வருடம் ஆன பிறகும் என் மாமி “அவர் எங்க, இன்னும் வரேல்லை” என்று கேட்பார். நான் உண்மை பேசிப் பழகியவள், “மாமா மோசம்போயிட்டார் மாமி” என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது அந்த நிமிடம்தான் வந்த செத்தவீட்டுச் செய்தி. தலையில் அடித்து அழுதார். கால் மணித்தியாலத்தில் அழுததும் மறந்து, திரும்பவும் கேட்டார். அன்று இரவு ஐந்து தரம் அவரை விதவையாக்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அதற்குப் பிறகு நான் செய்தது பொய் சொல்வது என்றும் இல்லை. “மாமாவை நினைச்சுக்கொண்டு இருக்கிறீங்களோ? அவருக்கு என்ன கறி விருப்பம்?” என்று கேட்பேன். கதை மீனுக்குப் போகும், மீனிலிருந்து சந்தைக்குப் போகும். இப்படித் திருப்ப முடியாமல், “வெளியால போயிருக்கிறார், வருவார்” என்று சொல்லித்தான் ஆறுதல்படுத்த வேண்டிய வேளைகளும் வந்தன. சொன்னேன். தாதியர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. தன் நினைவு இன்னும் இடைக்கிடை தெளிகிற ஆரம்ப நிலை நோயாளியிடம் பொய் சொன்னால், பிடிபட்ட பிறகு நம்பிக்கை போய்விடும். உங்கள் அம்மா அந்த நிலையைத் தாண்டிவிட்டார் என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

பொழுதுபடும் நேரத்தில் குழப்பம் கூடுவதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். களைப்பு, மங்கும் வெளிச்சம், உடலின் இரவு பகல் கணக்குக் குழம்புவது எல்லாம் சேர்ந்துதான் அது என்று நினைக்கிறார்கள். நான்கரைக்கே எல்லா விளக்கையும் போடுங்கள், இருள் மூலைகளும் நிழலும் விழாதபடி. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இன்னும் முந்தியே போடவேண்டும். காலையில் முற்றத்து வெயிலில் அரை மணித்தியாலம் இருக்கவிடுங்கள். மத்தியான நித்திரை நீளக்கூடாது. மூன்று மணிக்குப் பிறகு சாயத் தேத்தண்ணி வேண்டாம். தொலைக்காட்சியில் செய்தி ஓடினால் நிறுத்துங்கள்; அடிபாட்டுச் செய்தி அவருக்கு அடுத்த அறையில் நடக்கிற அடிபாடு.

கைப்பழக்கம் மறதிக்குக் கடைசியாகத்தான் இடம் கொடுக்கும். திருக்கடலூரில் ஒரு பெரியவர் விடிய மூன்று மணிக்கு எழும்பிக் கடலுக்கு வெளிக்கிடுவார். மகன்மார் கதவைப் பூட்டினார்கள், அவர் கதவை உடைத்தார். பிறகு ஒரு கிழிந்த வலையைத் திண்ணையில் போட்டார்கள். மகனின் பெயரைச் சொல்லத் தெரியாத அந்த மனிதர் முடிச்சுத் தவறாமல் வலை பொத்தினார். பொத்தி முடித்ததை இரவில் மகன் திரும்பவும் அறுத்து வைப்பான். உங்கள் அம்மா ஆசிரியை. பழைய கொப்பிகளும் ஒரு சிவப்புப் பேனையும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இந்தக் கிழமையே செய்யவேண்டியவை. கிணற்றுக்கு மூடி. எரிவாயு சிலிண்டரை ஒவ்வொரு தரமும் ரெகுலேட்டரில் நிறுத்துவது. சாமி விளக்கை, நைலோன் உடுப்போடு அவர் தனியே ஏற்ற விடாதது; மின்விளக்கு வைத்தால் அம்மாளாச்சி கோபிக்கமாட்டா. குளியலறையில் பிடிக்கக் கம்பி, வழுக்காத விரிப்பு. உங்கள் தொலைபேசி இலக்கம் பொறித்த ஒரு கைவளையம், கழற்ற முடியாதபடி. முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நிற்கும் தம்பிமாருக்கும் சந்திக் கடைக்கும் அம்மாவின் படத்தைக் காட்டி, தனியாகக் கண்டால் கதைகொடுத்து இருத்திவிட்டு அழைக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர் இது. காணாமல் போனால் அக்கம்பக்கத்தில் உடனே தேடுங்கள், அதே நேரம் பொலிஸுக்கும் சொல்லுங்கள். நாளைவரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நீங்கள் வெளியே போகவே கூடாது. தீப்பிடித்தால் அவரால் திறக்க முடியாது.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இப்போது சொல்கிறேன். அல்சைமர் மெதுவாக நகரும் நோய். மாதக் கணக்கில், வருடக் கணக்கில்தான் மோசமாகும். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இன்று திடீரென்று ஆளே மாறி, இல்லாததைக் கண்டு பயந்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கி விழுந்தாலோ, அதை “வருத்தம் முத்திப்போச்சு” என்று விட்டுவிடாதீர்கள். அது வேறொன்று: சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல், நாலு நாள் மலம் போகாதது, நீர் வற்றியது, புதிதாகத் தொடங்கிய ஒரு குளிசை, விழுந்து தலையில் அடிபட்டது. இவற்றில் பலவற்றைச் சுகப்படுத்தலாம், தாமதித்தால் உயிருக்கும் ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. நம் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நான் கண்ட திடீர்க் குழப்பங்களில் நிறையவும் தண்ணீர் குடிக்காததால் வந்தவை. வயது போனால் தாகம் தெரிவது குறையும். இந்த நோயில் குடித்தேனா என்பதும் நினைவிருக்காது. கேட்டுக் கொடுக்காமல், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சின்னப் பேணியாகக் கையில் கொடுத்துவிடுங்கள். சிறுநீரக வருத்தமோ இதய வருத்தமோ இருந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டுவிட்டு.

மருந்து பற்றி. மறதிக்கென்று அம்மா எடுக்கும் டொனெபெசில் குளிசை நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்சக் காலம் அன்றாட வேலைகளில் சிறிய உதவி கிடைக்கும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. குமட்டல், வயிற்றோட்டம், சாப்பாட்டில் வெறுப்பு வரலாம். நாடித்துடிப்பைக் குறைக்கும் என்பதால் தலைசுற்றி விழுந்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லவேண்டும். இரவுக்கு நித்திரை வர, தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் பிரிட்டோன் குளிசையைக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். மூளையில் எந்தச் சுரப்பைக் கூட்ட டொனெபெசில் பாடுபடுகிறதோ, அதே சுரப்பின் வேலையைப் பிரிட்டோன் தடுக்கிறது. ஒரு கையால் ஊற்றி மறு கையால் கவிழ்க்கும் வேலை. குழப்பமும் மலச்சிக்கலும் கூடும். கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதால் அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகளை எழுதிக் கொடுத்தால், அவை மறதி நோய் உள்ள முதியவர்களில் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகின்றன என்பது ஐயமில்லாமல் தெரிந்த விஷயம். அதற்காக ஒருபோதும் கூடாது என்றில்லை. மற்ற வழியெல்லாம் பார்த்த பிறகு, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு. “எப்ப நிப்பாட்டுறது டொக்டர்?” என்று கேட்டு ஒரு திகதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: விற்றமின் பி12, தைரொயிட் இரண்டும் பரிசோதித்தார்களா என்று. இவற்றின் குறைபாடும் மனச்சோர்வும் மறதி போலவே தோன்றும், நோயின் மேலேயும் ஏறி உட்காரும். காதும் அப்படித்தான். பல அம்மாமார் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லாதது காது அடைப்பால்.

அண்ணா அனுப்பிய ஊசி லெக்கனமாப் என்று நினைக்கிறேன். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களில், 18 மாதத்தில், மோசமாகும் வேகத்தை ஏறத்தாழ 27 வீதம் குறைத்தது. திரும்ப நினைவைக் கொண்டுவரவில்லை. மூளை வீக்கம், இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டைத் தேடிப் படலையடியில் நிற்கும் நிலைக்கு அது உரியதல்ல. அண்ணாவுக்கு இதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள், அவர் தூரத்திலிருந்து தவிக்கிறார். வல்லாரை பற்றியும் கேட்பார்கள். சம்பலாகச் சாப்பிடட்டும், நல்ல கீரை. இந்த நோயை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதன் பெயரில் விலைகூடிய போத்தல்களை வாங்காதீர்கள்.

அண்ணாவிடம் சொல்ல இன்னும் இரண்டு இருக்கின்றன. வீடியோ அழைப்பில் “நான் ஆர் சொல்லுங்கோ பார்ப்பம்” என்று கேட்பதை விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தரமும் அம்மா சோதனையில் தோற்கிறார். முகம் சுருங்குவது திரையில் தெரியாது, பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். “அம்மா, நான் உங்கட மூத்தவன், கனடாவில இருந்து கதைக்கிறன்” என்று அவரே தொடங்கட்டும். அடுத்தது, அவர் தொகையாகப் பணம் அனுப்புவதைவிட உங்களுக்கு மணித்தியாலங்கள் வாங்கித் தருவதுதான் உதவி. கிழமையில் மூன்று இரவு அம்மாவோடு படுக்க ஒரு பெண்ணுக்குச் சம்பளம். அந்த மூன்று இரவும் நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்தி, நித்திரை. நான் பார்த்த குடும்பங்களில் வீட்டுப் பராமரிப்பு முறிந்தது பெரும்பாலும் பார்ப்பவர் விழுந்ததால். ஒரு வீட்டில் மகளுக்கு பிறஷர் 200ஐத் தாண்டி, அவரும் தாயும் ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஆள் பிடிக்கும்போது கவனம்: சான்றிதழைவிட, அவர் அம்மாவோடு கதைக்கும்போது குரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முதல் பத்து நாள் நீங்களும் வீட்டில் இருங்கள். காணி, வங்கி விஷயங்களையும் தள்ளிப்போடாமல் ஒரு சட்டத்தரணியிடம் இப்போதே பேசுங்கள். விளங்கிக் கையெழுத்து வைக்கும் நிலை போன பிறகு எழுதும் உறுதி நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம், சகோதரர்கள் பிரிவதும் அங்கேதான்.

வீட்டிலேயே முடியுமா என்றால், இப்போதைய நிலையில், இன்னும் ஒரு சோடிக் கை சேர்ந்தால், முடியும் என்றே நினைக்கிறேன். தனியாக என்றால் முடியாது. எப்போது இல்லத்தைப் பற்றி யோசிக்கவேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: இருவர் இல்லாமல் தூக்க முடியாத நிலை வந்து ஒருவர்தான் இருந்தால், அம்மா உங்களை அடித்துக் காயப்படுத்தத் தொடங்கி மருந்திலும் அடங்காவிட்டால், உங்களுக்கு அவரை அடிக்கக் கை எழும்பினால். கடைசியாகச் சொன்னதை யாரும் வெளியே சொல்வதில்லை. என்னிடம் பூட்டிய அறைக்குள் அழுதுகொண்டு சொன்ன மகள்கள் இருக்கிறார்கள், எல்லோரும் நல்ல பிள்ளைகள். எனக்கும் ஒரு நாள் எழும்பியது. அப்படி ஒரு நிமிடம் வந்தால் அம்மாவைப் பாதுகாப்பாக இருத்திவிட்டு முற்றத்துக்குப் போங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் பராமரிப்பவர்களுக்கும்தான். கொழும்பில் இருக்கும் லங்கா அல்சைமர் மன்றம் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது, அவர்களோடும் ஒருமுறை பேசுங்கள். இல்லத்தில் விட்டால் ஊர் கதைக்கும். கதைப்பவர்களிடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணித்தியாலம் அம்மாவோடு இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு பேர் உண்மையாகவே வருவார்கள், என் வீட்டுக்கு வந்தார்கள்.

முழுக்காட்ட விடமாட்டேன் என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். தலையில் தண்ணீர் கொட்டுவது அவருக்கு அடி விழுவது மாதிரி. ஷவரை விட்டுவிட்டு, வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், காலில் தொடங்கி மேலே வாருங்கள், தோளில் ஒரு துவாய் போர்த்தியபடி. ஒவ்வொரு நாளும் தேவையில்லை. இடையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அவர் இளமையில் கிணற்றடியில் எத்தனை மணிக்குக் குளித்தார் என்று பெரியம்மாமார் யாராவது இருந்தால் விசாரியுங்கள், அந்த நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒரு கொப்பியில் பத்து நாளுக்கு எழுதி வையுங்கள்: படலையடிக்கு வந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, சாப்பிட்டாரா, மலம் போனதா, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு. அடுத்த கிளினிக்குக்கு அதைக் கொண்டு போங்கள், வாயால் சொல்வதைவிட வைத்தியருக்கு உதவும். எனக்கும் ஒன்று தேவை. அம்மா பிறந்து வளர்ந்த வீடு எந்த ஊரில், அங்கே யார் யார் இருந்தார்கள், பின்னேரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கும்? அதை எழுதுங்கள், அந்த ஐந்து மணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சேர்ந்து யோசிப்போம்.